கேட்டது, பார்க்கவில்லை

பறவை பார்க்கத் தெரியாது எனக்கு.
பள்ளம் பார்க்கத் தெரியும்.
குவான்சா ஆற்றுப் பாலம் தாண்டி
தார் முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி
இரண்டு பேரும் குதித்து இறங்கினார்கள்,
உறவுக்காரரைக் கண்டுவிட்டதுபோல.
ஒரு பாவோபாப், அதன் வயிற்றில் பொந்து,
பொந்து வாசலில் ஒரு பனங்காடை.
அரை மணி நேரம்.
நான் முன்கண்ணாடியில் அப்பிய பூச்சிகளைச்
சுரண்டிக்கொண்டிருந்தேன்.

ஹில்தே நார்வேக்காரி, பல் மருத்துவர்.
எவால்தோ பிரேசிலில் ஏதோ நீதிமன்றத்தில்
தட்டச்சு செய்கிறவர்.
இருவருக்கும் ஒரே நோட்டு.
இடப்பக்கம் அவள், வலப்பக்கம் அவர்.
நடுவில் நூல் தெரிகிற இடத்தில்
யாரும் எழுதுவதில்லை.

புல்வெளி இரண்டு நாள் வந்தது.
எரிந்த புல், எரியாத புல்,
எரிந்துகொண்டே இருக்கிற புல்.
தீயின் ஓரத்தில் பஞ்சுருட்டான்கள்
தப்பிப் பறக்கும் வெட்டுக்கிளியை
அலகில் வாங்கிக்கொண்டிருந்தன.
"என்ன அழகு" என்றார் எவால்தோ.
தீ வைத்தவன் எலி பிடிக்க வைத்தான் என்று
நான் சொல்லவில்லை.
எலியும் நன்றாகத்தான் இருக்கும், சுட்டால்.

மூன்றாம் நாள் மலை. மூச்சு புகைந்தது.
மொட்டைச் சரிவுகள், மடிப்புகளில் மட்டும்
கக்கத்து மயிர்போல் கொஞ்சம் காடு.
அதற்குள் ஒரு கௌதாரி இருக்கிறதாம்.
பதினோரு வருடம் பிறர் வாய்க்குள் எட்டிப் பார்த்துச்
சேர்த்த பணத்தோடு
அதற்காக வந்திருக்கிறாள் ஹில்தே.

வழிகாட்ட வந்தவள் சிலோம்போ,
தாய் பயணம் போகையில் பாதையோரம் பிறந்தவள்.
என் பேரைக் கேட்டாள். கசிந்தா என்றேன்.
"அப்படியென்றால் உனக்கு முன்னால் இரட்டையர்."
ஆமாம். ஜம்பா, ஹோசி. யானை, சிங்கம்.
"இருக்கிறார்களா?"
யானை இருக்கிறது. லுவாண்டாவில் மீன் விற்கிறது.
அடுத்த கேள்வியை அவள் கேட்கவில்லை.
எங்கள் பக்கத்தில் அதைக் கேட்பதில்லை.

மாடு போன தடத்தில் நடந்தோம்.
வெள்ளை பூசிய கல். வெள்ளை பூசிய கல்.
ஓடையோரம் ஒரு சிவப்புக் கல்.
சிலோம்போ கோடாரிக் காம்பை
அவர்கள் மார்புக்குக் குறுக்கே நீட்டினாள்.
கல்லுக்கு இப்பால் வெட்டுண்ட அடிக்கட்டைகள்,
கரி அள்ளிய குழி, பச்சை மர வாசனை.
அப்பால்,
ஒருவரும் சுள்ளி பொறுக்காத இருபத்திரண்டு வருடம்,
பாசி தொங்க, கொடி தொங்க,
இருட்டு கலையாமல் நின்றது.

அங்கிருந்துதான் கூப்பிட்டது.
வயிற்றிலிருந்து கரகரத்து ஏறி
முடிகிற இடத்தில் யாரையோ அதட்டுவதுபோல.
பத்தடி. பன்னிரண்டு இருக்கலாம்.
இலை ஆடியது. இலை மட்டும்தான் ஆடியது.

ஹில்தே என்னவோ முணுமுணுத்தாள்.
அந்த மொழி எனக்குத் தெரியாது.
ஒரே ஒரு அடி என்கிறாள் என்பது
பூட்ஸின் முனையிலேயே தெரிந்தது.
அவள் முதுகுப்பைப் பட்டையைப் பிடித்துவிட்டேன்.
பிடித்தது என் கைதானா என்று
பிறகுதான் பார்த்தேன்.
ஹோசி அன்று சட்டை போட்டிருக்கவில்லை.

"மழைக்கு முன்னால் கண்ணிவெடி எடுக்க
ஆட்கள் வருகிறார்கள்" என்றாள் சிலோம்போ.
"அப்புறம் உள்ளேயே போகலாம்."
நல்லது, நல்லது என்றாள் ஹில்தே.
பிறகு கோடாரியைப் பார்த்தாள்.
வெடித்த குதிகால்களைப் பார்த்தாள்.
வெகுநேரம் கழித்து ஒரு கேள்வி
மூன்று மொழி ஏறி இறங்கி வந்து சேர்ந்தது:
இங்கே ராத்திரி எவ்வளவு குளிரும்?
சிலோம்போ சிரித்தாள். பதில் சொல்லவில்லை.

திரும்பும் வழியில் மடியில் நோட்டு.
இடப்பக்கம் எழுதினாள்: கேட்டது, பார்க்கவில்லை.
வலப்பக்கம் எவால்தோவும் அதையே.
"கசிந்தா, நீ கேட்டாயா?"
கேட்டேன்.
நூல் தெரிகிற இடத்தில்
பொடி எழுத்தில் என் பேர் ஏறியது.
பள்ளம் ஒன்றை நான் கவனிக்கவில்லை.
கடைசி எழுத்து கோணிப்போயிற்று.